கோட்டைத் தாண்டாத சென்டர் ஹாஃப்

ஐம்பத்தைந்து வயதில் நான் நடுவகிடு எடுத்துத் தலைவார ஆரம்பித்தேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நேரு வீதியிலிருந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகம் வரைக்கும் பார்த்தவர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் தலையில் மிச்சமிருக்கிற முடியை வைத்து வகிடு எடுப்பது வற்றிப்போன ஏரியில் படகுத்துறை கட்டுவது மாதிரியான காரியம். ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்று, தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பாகப்பிரிவினை செய்தேன். என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கு" என்றாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. காரணம் ஒரு இங்கிலாந்துக்காரர். கால்பந்து ஆடியவர். இறந்துபோய்ப் பல காலம் ஆகிறது.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற சந்தைக்குப் பனியன் வாங்கப் போனவன், பனியன் வாங்காமல் ஒரு புத்தகத்தோடு வந்தேன். அட்டை போன புத்தகம். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு நிலக்கரி ஊரின் கால்பந்து கிளப்பினுடைய வரலாறு. அது எப்படிப் புதுச்சேரிக்கு வந்தது என்று கேட்காதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், பழைய செருப்புக்கும் மிக்ஸி ஜாருக்கும் நடுவில், இங்கிலாந்துக் கிளப்பின் வரலாறு கிடந்தது. வாங்க ஆள் வேண்டுமே என்று கடவுள் என்னைப் படைத்திருக்கிறார்.

அதில் ஒரு படம். பதினொரு பேர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்காலை மறைக்கும் கால்சட்டை. கணுக்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ். பின்வரிசையில் நடுவில் நிற்கிறவர்தான் நம்முடைய ஆள். எண்ணெய் பளபளக்க நடுவகிடு. 'படம் எடுத்தாயிற்றா, நான் கிளம்பலாமா' என்று கேட்கிற முகம். எனக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அவருடைய ஊரிலேயே இப்போது நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரே கிளப்பில் ஆடினார். அப்பா சுரங்கத் தொழிலாளி. இவரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். சுரங்க அணிக்கு ஆடுவதைப் பார்த்துக் கிளப்புக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் இன்று நமக்குத் தோன்றுகிற மாளிகையும் காரும் அவருக்கு இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் இதற்குமேல் சம்பளம் கிடையாது என்று எல்லாக் கிளப்புகளும் சேர்ந்து வரம்பு கட்டியிருந்தார்கள். கிளப் மனதுவைக்காமல் வேறு கிளப்புக்கும் போக முடியாது. கோடையில் ஆட்டம் இல்லாத மாதங்களில் அவர் மறுபடி கைவேலைக்குப் போனார். ஆட்டத்தன்று டிராமில் போவார். பார்க்க வருகிற கூட்டமும் அதே டிராமில் தொங்கிக்கொண்டு வரும். தோற்றுவிட்டால் அதே டிராமில் அவர்களோடு திரும்பவும் வர வேண்டும். இன்றைய ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவோ கஷ்டம் இருக்கலாம், இந்தக் கஷ்டம் இல்லை.

பந்து தோல் பந்து. கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மழை பெய்தால் ஊறிப்போய் ஆட்டுக்கல் மாதிரி கனக்கும். அதைத் தலையால் முட்டுவார். கயிறு முடிச்சு நெற்றியில் பட்டால் தழும்பு விழும். அந்த நடுவகிடே பந்துக் கயிறு போட்ட கோடோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவர் ஆடிய இடம் சென்டர் ஹாஃப். அந்தக் காலத்தில் அது ராஜா மாதிரியான இடம். கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிற பெரிய மனிதரைப் பார்த்திருப்பீர்கள். தான் ஒரு கரண்டியும் தொட மாட்டார். ஆனால் சாம்பார் எந்த வரிசைக்கு, பாயசம் எப்போது, எந்த மாமாவுக்கு இன்னொரு வடை என்று எல்லாம் அவர் கண்ணசைவில் நடக்கும். மைதானத்தின் நடுவில் அவர் அப்படி நின்றார். பந்து எங்கே போனாலும் அவரைக் கேட்டுக்கொண்டு போயிற்று. தோன்றினால் முன்னால் போய்க் கோலும் போட்டுவிட்டு வருவார். கூட்டம் அவருக்காக வந்தது.

அப்போதுதான் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். பந்து வருகிற நேரத்தில், முன்னால் போய் நிற்கிறவனுக்கும் கோலுக்கும் நடுவில் எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இல்லையென்றால் அவனுக்கு வந்த பந்து செல்லாது. அந்த மூன்றை இரண்டாக்கினார்கள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது, எல்லா ஊரிலும் கோல் மழை. இவருடைய கிளப்பும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். இனிமேல் நீ நடுவில் ஆட வேண்டாம், பின்னால் போய், கோலைக் காக்கிற இரண்டு பேக்குகளுக்கு இடையில் நில், எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை விட்டு நகராதே, நடுக்கோட்டைத் தாண்டாதே என்றார். ஏன் என்று விளக்க ஆரம்பித்தாராம். இவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "எவ்வளவு பின்னால்?" என்று மட்டும் கேட்டாராம்.

புத்தகத்தில் இந்த இடம் வந்ததும் நான் மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் என் கட்டுரையில் ஒரு பத்தியை எடுக்கச் சொன்னால் அன்று இரவு சாப்பிடாமல் படுக்கிறவன் நான். அந்தப் பத்தி எதற்கு அவசியம் என்று அந்தப் பத்தியைவிடப் பெரிதாகக் கடிதம் எழுதுகிறவன். இந்த மனிதர் தன்னுடைய ஆட்டம் முழுவதையும் எடுக்கச் சொன்னபோது தூரத்தைக் கேட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் நின்றார். கூட்டம் முதலில் கத்தியது, பிறகு 'போலீஸ்காரர்' என்று பெயர் வைத்தது, பிறகு அதையே செல்லமாகச் சொல்ல ஆரம்பித்தது. ஒரே ஒரு முறை நாட்டின் அணிக்கு மாற்று ஆளாகக் கூப்பிட்டார்கள். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு ரயிலில் போனார். யாருக்கும் அடிபடவில்லை. கோட்டைக் கழற்றாமலே திரும்பி வந்தார். கால் ஓய்ந்தபின் அதே கிளப் அவர் கையில் ஒரு வாளியையும் ஸ்பாஞ்சையும் கொடுத்தது. அடிபட்டவனிடம் ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீர் ஒத்துகிற வேலை. எலும்பு முறிவுக்கும் வயிற்றுவலிக்கும் அதே தண்ணீர்தான். அந்தப் பத்து வருஷத்தில் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை என்று புத்தகம் ஒரு குறையாக எழுதியிருக்கிறது. எழுதியவரை நேரில் பார்த்தால் சண்டை போடுவேன்.

இந்த மனிதர் யாருக்காவது உபயோகப்பட வேண்டுமே என்று எனக்குத் தவித்தது. அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தது.

பாயும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவனுடைய குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக மெத்தைக் கடை. புதுச்சேரியில் பாதிப்பேர் அவர்கள் தைத்த மெத்தையில் பிறந்து, அதிலேயே தூங்கி, அதையே மறுபடி பஞ்சு அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்பந்து ஆடுகிறோம். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் அணி. 'ஆடுகிறோம்' என்பதில் நான் அடக்கம் இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோகிறவன், சட்டைகளைக் காவல் காக்கிறவன், எல்லோருக்கும் யோசனை சொல்கிறவன். மேனேஜர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை என்பதே சரி. பாய்தான் அணியின் நடு. பையனாக இருந்த காலத்திலிருந்து அவன்தான் பந்தி நடத்துகிறவன். பந்தைக் காலில் வாங்கி, ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்து, எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்புவான். சட்டையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும்.

இப்போது அவனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அனுப்ப வேண்டிய இடமும் தெரிகிறது. பந்து இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கள் அணியில் மிகச் சின்னவர் நாற்பத்தேழு வயதுக்காரர், மின்துறையில் வேலை. அவரை நாங்கள் 'சின்னவர்' என்றே கூப்பிடுகிறோம், அவர் பேரன் எடுத்த பிறகும். அவருக்கு அந்த நடு இடத்தின்மேல் கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்:

"பாய், கோச்சுக்காதீங்க. இந்தத் தடைக்கால மேட்ச் ஆடிடுங்க. அதுக்கப்புறம் பெத்தாங்க் போயிடுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெத்தாங்க் என்பது இரும்புக் குண்டை உருட்டி விளையாடுவது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன விளையாட்டு. ஓட வேண்டாம், குனிந்தால் போதும். எங்கள் ஊரில் கால்பந்து ஆடுகிறவனுக்கு முட்டி போனால் அடுத்த இடம் பெத்தாங்க்தான். 'அவர் பெத்தாங்க் போயிட்டாரு' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். எங்கள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய மண் திடல். அங்கே தினமும் வருகிற ஒரு பெரியவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், பாய் நொண்டிக்கொண்டு போகும்போதெல்லாம் 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் சொல்லி அன்பாகக் கூப்பிடுவார். "முசியே, உங்களுக்கு எடம் வெச்சிருக்கோம்." பாய் காது கேட்காதவன் மாதிரி போவான்.

தடைக்கால மேட்ச் என்பது எங்கள் வருஷத்தின் பெரிய ஆட்டம். கடலில் மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் விசைப்படகுகள் போகக் கூடாது. தேங்காய்த்திட்டில் படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகு ஓட்டுகிறவர்களுக்கு வலை பின்னுவதையும் வீட்டில் திட்டு வாங்குவதையும் தவிர வேலை இருக்காது. அப்போதுதான் அவர்களில் மூத்தவர்கள் எங்களோடு ஆட வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் ஜெயித்துவிட்டுப் போவார்கள்.

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனேன். நடுவகிடோடுதான். பாய் தரையில் உட்கார்ந்து நீள ஊசியால் மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, ஊசியை அப்படியே நிறுத்தினான்.

"யாருய்யா ஒன்ன இப்படிப் பண்ணது?"

"அத விடு. ஒரு மனுஷன் கதை சொல்றேன், கேளு."

மெத்தை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். சுரங்கம், டிராம், கயிறு போட்ட பந்து, எல்லாம். ஆஃப்சைடு விதியை விளக்க நாலு தலையணையை எடுத்துத் தரையில் வைத்தேன். மூன்று தலையணை எதிராளிகள், ஒன்று ஃபார்வர்டு. பிறகு ஒரு தலையணையை எடுத்துவிட்டு, "பாத்தியா, இங்கதான் எல்லாமே மாறிப்போச்சு" என்றேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "பாய், நீயும் அப்படிப் பின்னால போய் நின்னுடு. ஓட வேணாம். நடுவ சின்னவர்கிட்ட குடு. அந்தாளு பத்து வருஷம் நின்னான், நீ ரெண்டு வருஷம் நில்லு."

பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"யோவ், நம்ம மேட்ச்லதான் ஆஃப்சைடே கெடையாதேய்யா."

நான் தலையணைகளைப் பார்த்தேன்.

"யாரால எடுத்தாங்க? ஒன்னாலதானே?"

உண்மைதான். சில வருஷங்களுக்கு முன்னால் கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டு நின்றது நான். என் மனைவியின் பழைய புடவையைக் கிழித்துச் செய்த கொடி. துறைமுகத்துக்காரர் ஒருவர் கோல் போட்டபோது நான் அதை உயர்த்தினேன். அவர்கள் கொடியைப் பிடுங்கினார்கள், நான் விடவில்லை, கொடியோடு சேர்ந்து நானும் கொஞ்ச தூரம் போனேன். சமாதானப் பேச்சில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், இனிமேல் ஆஃப்சைடு வேண்டாம், இந்த ஆளிடம் கொடியும் வேண்டாம் என்பதுதான். எந்த விதியால் என் இங்கிலாந்துக்காரரின் வாழ்க்கை மாறியதோ, அந்த விதியை எங்கள் மைதானத்திலிருந்து ஒழித்தவனே நான். அதை மறந்துவிட்டுத் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு" என்று சமாளித்தேன். "ஆஃப்சைடு இல்லாததாலதானே அவங்க நங்கூரம் நம்ம கோல்கிட்டயே நிக்கிறாரு?"

நங்கூரம் என்று நாங்கள் சொல்வது துறைமுக அணியின் ஒருவரை. பெரிய படகு ஓட்டுகிறவர், உடம்பும் அதற்கேற்ற மாதிரி. ஆஃப்சைடை எடுத்த நாளிலிருந்து அவர் ஓடுவதே இல்லை. ஆட்டம் ஆரம்பித்ததும் நேராக நடந்து வந்து எங்கள் கோலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். பந்து எப்போதாவது வரும். தட்டிவிடுவார். ஒவ்வொரு வருஷமும் கோல் அவருடையது.

பாய் ஊசியில் நூல் கோர்த்தான்.

"எங்க அத்தாவ கடேசில அந்த மூலையில உக்கார வெச்சோம்" என்றான். "வேல ஒண்ணும் வேணாம் அத்தா, சும்மா உக்காருங்கன்னோம். போறவங்க வர்றவங்களப் பாத்துகிட்டு உக்காந்திருந்தாரு. கையி மட்டும் பஞ்சப் பிச்சிக்கிட்டே இருக்கும். என்னையும் அந்த மாதிரி மூலையில வெக்கப் பாக்கறியா? அதுக்கு பெத்தாங்க்கே போயிடுவேன்யா. போ, போயி மொதல்ல தல சீவு."

போய்விட்டேன். இங்கிலாந்துக்காரரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்து மூலைத் தலையணையாக முடிந்தார்.

மேட்ச் அன்று காலை ஆறரைக்கே வியர்த்தது. எங்கள் மைதானம் சிறியது. கிழக்குக் கோலுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் நிழல் பாதி மைதானத்துக்கு நீண்டு கிடக்கும். டாஸில் தோற்று எங்களுக்கு வெயில் பக்கம் வந்தது. தடைக்காலம் என்பதால் துறைமுகத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெத்தாங்க் திடலிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பென்ஷன் பெரியவர் கையில் ஒரு தோல் பெட்டி இருந்தது. திறந்து காட்டினார். உள்ளே பளபளவென்று துடைத்த மூன்று இரும்புக் குண்டுகள்.

"முசியேவுக்கு நம்ம பரிசு" என்றார் என்னிடம். பிறகு மைதானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மேட்ச் முடிஞ்சதும் வாங்கிக்கங்க!"

பாய் அந்தப் பெட்டியைப் பார்த்தான். சாவு வீட்டுக்கு மாலையோடு வந்தவரைப் படுத்திருக்கிறவரே பார்த்துவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. நடுவட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் சின்னவர் ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தார். பாய் அவரையும் பார்த்தான். பிறகு கோட்டோரமாக என்னிடம் நடந்து வந்தான். குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினான்.

"எவ்ளோ பின்னால நிக்கணும்?" என்றான்.

கையை மட்டும் எங்கள் கோல் பக்கம் நீட்டினேன். அவன் போனான். சின்னவரைக் கடக்கும்போது அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, நடு இடத்தைக் காட்டி, நொண்டிக்கொண்டு போனான்.

நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அதனால் அங்கே நடந்த பேச்சு முழுவதையும் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. நங்கூரம் வழக்கம்போல நடந்து வந்து சேர்ந்தார்.

"இன்னா பாய், வழி மாறி வந்துட்டியா? ஒன் எடம் அங்க இல்ல?"

"இனிமே இங்கதான்."

"நல்லதாப் போச்சு. இத்தினி வருசமா ஒண்டியா நின்னு நின்னு போரடிக்குது." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாருக்குத் தலையில இன்னா?"

"அது ஒரு இங்கிலீஷ்காரன் கத. கேக்காத, முடிக்க மாட்டாரு."

இரண்டு பெரிய மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. ஆட்டம் எங்கேயோ தூரத்தில் நடந்தது.

"பாய், போட்ல படுக்கறதுக்கு ஒரு மெத்த தெச்சிக் குடேன். நனையாத மெத்தயா."

"நனையாத மெத்த வேணும்னா கரையில தூங்கு."

"கரையில தூங்க உட்டாதானே. வூட்ல எழுப்பி உட்டுடறாங்க. தோ, பந்து வருது."

பந்து வந்தது. நங்கூரம் ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த இடத்தில் பாய் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். எப்போது போனான் என்று நான் பார்க்கவில்லை. நெஞ்சில் வாங்கி, கீழே இறக்கி, எங்கள் ஆளிடம் தட்டிவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை நங்கூரம் தோளால் ஒரு இடி கொடுத்தார். பாய் அசையவில்லை. மெத்தையில் மோதின மாதிரிதான் நங்கூரம் திரும்பி வந்தார்.

"யோவ் பாய், நீ பேச்சுக் குடுத்தே கவுக்கறய்யா."

நான் இதற்கு முன்னால் பாயின் ஆட்டத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பந்து அவன் காலில் இருக்கும்போது பார்த்திருக்கிறேன். பந்து இல்லாதபோது அவன் என்ன செய்வான் என்று பார்த்ததில்லை. அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. அதை அடிக்கப்போகிறவனுடைய இடுப்பைப் பார்த்தான். அது திரும்புகிற பக்கத்துக்கு இரண்டு எட்டு வைத்தான். அந்த இரண்டு எட்டு அவன் முட்டிக்குத் தாங்கியது. நடுவில் நின்று நாற்பது வருஷமாக எந்தப் பந்து எங்கே போகும் என்று தீர்மானித்தவனுக்கு, அடுத்தவன் தீர்மானம் தெரியாமல் போகுமா? கல்யாணத்தில் பந்தி நடத்தினவர் கதவோரம் நின்று யார் சாப்பிடாமல் போகிறார் என்று பார்ப்பது மாதிரி இருந்தது. என் வகிட்டிலிருந்து எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெயால்தான் என்று மனைவியிடம் பிறகு சொன்னேன்.

இரண்டாவது பாதியில் பக்கம் மாறி நாங்கள் மரத்தடிக் கோலுக்கு வந்தோம். நங்கூரமும் பாயும் நிழலுக்கு இடம் பெயர்ந்தார்கள். யாரும் கோல் போடவில்லை. நங்கூரம் கோல் போடாமல் ஒரு தடைக்கால மேட்ச் இவ்வளவு நேரம் போனதே இல்லை. துறைமுகக் கூட்டம் பொறுமை இழந்து கத்த ஆரம்பித்தது. அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கத்துக்கு ஏறி வந்துவிட்டார்கள்.

முடியப்போகிற நேரம். பந்து உருண்டு வந்தது. நங்கூரம் காலை நீட்டினார், பாய் அதற்கு முன்னால் பாதத்தால் இழுத்துக்கொண்டான். நிமிர்ந்தான். முன்னால் ஒருவரும் இல்லை. மைதானம் காலியாக விரிந்து கிடந்தது, எதிர்க் கோலில் கோல்கீப்பர் ஒருவரைத் தவிர. பாய் பந்தோடு கிளம்பினான். ஓட்டம் என்று சொல்ல முடியாது, வேகமான நொண்டல். ஆனால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு போயிற்று, பழைய நாள் மாதிரி.

"போ பாய்! போ! போ!"

எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். பென்ஷன் பெரியவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பிரெஞ்சில் கத்தினார். நானும் கத்தினேன். போ என்று கத்தினேனா, போகாதே என்று கத்தினேனா என்பது எனக்கே தெரியாது. நங்கூரம் எங்கள் கோலுக்கு முன்னால் தனியாக நின்றார். அவருக்கு ஒரு பந்து போதும்.

நடுக்கோட்டுக்கு வந்ததும் பாய் நின்றான். பந்தின்மேல் காலை வைத்து, தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்தான். வலது பக்கத்தில் சின்னவர் ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் ஓட்டத்துக்கு முன்னால், இன்னும் நாலு எட்டில் அவர் கால் எங்கே இருக்குமோ அங்கே, பந்தை உருட்டிவிட்டான். பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நங்கூரத்தை நோக்கி நடந்து வந்தான்.

சின்னவர் அடித்தார். பந்து கோலுக்கு மேலே, மைதானச் சுவருக்கு மேலே போய், வெளியே நின்ற ஐஸ் வண்டியின் கூரையில் விழுந்தது. அதை எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆளுக்குப் பூஜ்யம். துறைமுகத்துக்காரர்கள் ஜெயிக்காமல் திரும்பிப்போவதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். ஜெயித்த மாதிரியே கொண்டாடினோம்.

மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து மோர் குடித்தோம். சின்னவர் பாயிடம் வந்து கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"பாய், அந்தப் பந்து நான் போட்டிருக்கணும்."

"ஆமா, போட்டிருக்கணும்."

"அடுத்த வருஷமும் நீங்க அங்கயே நில்லுங்க பாய். நான் அன்னிக்கி சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க."

"அடுத்த வருஷம் நீ கோல் போடு, அப்புறம் பாக்கலாம்" என்றான் பாய். ஆனால் மோர் டம்ளரை அவரிடம் நீட்டினான். நங்கூரம் தூரத்திலிருந்தே "மெத்தய மறந்துடாத!" என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார். பென்ஷன் பெரியவர் பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பரவால்ல முசியே, இரும்புதானே, கெட்டுப்போயிடாது" என்று சொல்லிவிட்டு மண் திடலுக்குக் கிளம்பினார்.

எல்லோரும் போனபின் நானும் பாயும் மட்டும் இருந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை. சொன்னேன். அந்த இங்கிலாந்துக்காரனும் இதேதான் கேட்டான் பாய், எவ்வளவு பின்னால் என்று, நீ கேட்டபோது எனக்கு உடம்பே சிலிர்த்துப்போயிற்று. ஊரே போ போ என்று கத்தும்போது, எதிரே மைதானம் காலியாக இருக்கும்போது, அந்தக் கோட்டில் நின்று திரும்பி வர எவ்வளவு பெரிய மனசு வேண்டும். அவன் பத்து வருஷம் தாண்டாத கோடு, இன்றைக்கு நீயும் தாண்டவில்லை. இதைத்தான் நான் எழுதப்போகிறேன் என்றேன்.

பாய் மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, மீசையைத் துடைத்து, மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கோட்டுக்கு அந்தாண்ட வெயில்யா" என்றான்.